மெனுவை அப்புறம் பார்க்கலாம், வேலையை முதலில் பாருங்கள்

ஆன்லைன் சேவை ஒன்றை வடிவமைக்க உட்கார்ந்ததும் முகப்புப் பக்கத்தை வரைய ஆரம்பிக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து, வருகிறவர் எதை முடித்துவிட்டுப் போக வருகிறார் என்று அவர் வாயில் வருகிற மாதிரியே எழுதுங்கள். 'முகவரிப் பிரிவு' என்று இல்லை, 'வீடு மாறிவிட்டேன், முகவரியை மாற்றணும்' என்று. 2012-ல் வந்த பிரிட்டிஷ் அரசின் கவ்.யூகே தளத்தின் முதல் வடிவமைப்புக் கொள்கையே பயனரின் தேவையிலிருந்து தொடங்குவதுதான். எந்த வேலை எந்தத் துறையின் கையில் இருக்கிறது என்பது மக்களுக்கு எதற்கு?

அடுத்து, அந்த வேலையை நிஜமாகச் செய்கிற ஒருவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். என்ன வசதி வேண்டும் என்று கேட்டால் யோசித்து ஏதாவது சொல்வார்கள், அதில் பெரிய பயன் இல்லை. கடைசியாக இதைச் செய்தபோது என்ன நடந்தது என்று கேளுங்கள், செய்துகாட்டச் சொல்லுங்கள், நடுவில் வாய் திறக்காதீர்கள். நான் அப்படி உட்கார்ந்திருந்தபோது ஓர் அம்மா பாதிப் படிவம் வரை நிதானமாக நிரப்பினார். அப்புறம் வாடிக்கையாளர் எண் கேட்டது. எழுந்து போய் அலமாரியில் பழைய ரசீதைத் தேடி எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தால், 'நேரம் முடிந்தது' என்று ஒரு வரி, அடித்ததெல்லாம் போச்சு. அவர் தன்னைத்தான் நொந்துகொண்டார், அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. தப்பு அவருடையதே இல்லை. அலமாரிக்குப் போய் வருவதும் அந்த வேலையில் ஒரு பகுதி, வடிவமைத்தவர்கள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான். என்னென்ன கையில் வேண்டும் என்று தொடங்கும் முன்பே சொல்லுங்கள், அந்த எண் ரசீதில் எந்த மூலையில் இருக்கும் என்று படத்தோடு காட்டுங்கள், நிரப்பியதைச் சேமித்து வையுங்கள்.

வடிவமைத்ததை மக்களிடம் கொடுத்துச் சோதிக்கப் பெரிய கூட்டம் வேண்டாம். ஐந்து பேர் போதும் என்று இணையதளங்களின் பயன்பாட்டை ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதியதைப் பலரும் சொல்வார்கள், ஆனால் திருத்திவிட்டு மறுபடியும் ஐந்து பேரிடம் கொடுக்கச் சொன்னதை விட்டுவிடுவார்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட எத்தனை பேர் முடித்தார்கள் என்று எண்ணுங்கள்.

உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளையும் ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்கள். 'அனுப்பினேன், வந்து சேர்ந்ததா?' என்று ஒருவர் கேட்டால், சமர்ப்பித்ததும் வருகிற பக்கத்தில் அதையும், அடுத்து என்ன, எத்தனை நாளில் என்பதையும் இன்றே எழுதிவிடுங்கள்.