எட்டு எழுத்துப் பத்திக்குள் அடங்காத பெயர்கள்: பிஎஸ் வெளியீட்டை முழுமையாகப் பார்ப்பது எப்படி

பினாங்கு, பாயான் லெப்பாஸில் உள்ள ஓர் அலுவலகத்தின் லினக்ஸ் சர்வரில் சுப்ரமணியம், சுப்ரமணியன் என்னும் இருவருக்கு அவரவர் பெயரிலேயே கணக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டும் 11 எழுத்துப் பெயர்கள். கடைசி எழுத்து மட்டுமே வேறு. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை, அதாவது செயல்முறைகளை, பட்டியலிடும் கட்டளை பிஎஸ். பிஎஸ் ஏயூஎக்ஸ் என்று கட்டளையிட்டால், பயனர் பெயர் வரும் பத்தியின் (நெடுவரிசையின்) அகலம் 8 எழுத்துதான் என்பதால், முதல் 7 எழுத்தும் ஒரு கூட்டல் குறியுமாக இருவருமே ‘சுப்ரம+’ என்று தெரிவார்கள். யாருடைய செயல்முறையை நிறுத்துகிறோம் என்பதை இந்தத் திரையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

இந்த 8 பழைய கணக்கு. 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், உள்நுழைந்தோர் பதிவேடான யூடிஎம்பி கோப்பு ஒரு பெயருக்கு 8 பைட் மட்டுமே ஒதுக்கியது. இன்றைய லினக்ஸில் அதே இடம் 32 பைட்டாக வளர்ந்துவிட்டது. பத்தியின் அகலம் வளரவில்லை. பிஎஸ்ஸின் பழைய பதிப்புகள் நீண்ட பெயருக்குப் பதிலாகப் பயனர் எண்ணையே காட்டின. பார்க்க அழகில்லை என்றாலும், ஆளை மாற்றிக் காட்டாத அந்த முறையே மேல் என்பது என் கருத்து.

முழுப் பெயரைப் பெற, சிறிய ஓ விருப்பத்தில் யூசர் என்ற சொல்லை அடுத்து இடைவெளியின்றி முக்காற்புள்ளியும் 20 என்ற எண்ணும் இட்டு, பிறகு காற்புள்ளிகளால் பிரித்து வேண்டிய மற்றப் பத்திகளைக் குறிப்பிட வேண்டும். ஒருவருடைய செயல்முறைகள் மட்டும் போதுமென்றால், சிறிய யூ விருப்பத்துடன் அவருடைய முழுப் பெயரைக் கொடுக்கலாம்; தேடல் பயனர் எண்ணைக் கொண்டு நடப்பதால் குழப்பம் வராது. யார் எப்போது உள்நுழைந்தார்கள் என்று காட்டும் லாஸ்ட் கட்டளைக்குச் சிறிய டபிள்யூ விருப்பம் போதும். இப்போது உள்ளே இருப்பவர்களைக் காட்டும் டபிள்யூ என்னும் கட்டளைக்கோ, ‘புரோக்பிஎஸ் யூசர்லென்’ என்ற சூழல் மாறியில் (கட்டளைகள் எடுத்துப் படிக்கும் அமைப்பு மதிப்பில்) அகலத்தை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

கட்டளை வரி திரையின் ஓரத்தில் அறுந்துபோனால், பிஎஸ்ஸுடன் டபிள்யூ எழுத்தை இருமுறை சேர்த்தால் முழு வரியும் வரும்.

ஆனால் எல்லா வெட்டும் காட்சியில் நிகழ்வதல்ல. செயல்முறையின் குறும்பெயரான ‘காம்’ பத்தியை எவ்வளவு அகலப்படுத்தினாலும் 15 எழுத்துக்கு மேல் கிடைக்காது. இயங்குதளத்தின் மையமான கெர்னலே அதற்கு, பெயரின் முடிவைக் குறிக்கும் இறுதிச் சுழியத்தையும் சேர்த்து, 16 பைட்தான் வைத்திருக்கிறது. அதனால்தான் 18 எழுத்துள்ள நிரலின் பெயரைப் பிழையின்றி முழுதாகத் தட்டியும், செயல்முறைகளைப் பெயரால் தேடும் பிகிரெப் கட்டளை ஒன்றும் கிடைக்கவில்லை என்கிறது. அங்கே சிறிய எஃப் விருப்பத்தைச் சேர்த்து முழுக் கட்டளை வரியிலும் தேடச் சொல்ல வேண்டும். அப்போது அதே சொல்லைத் தன் வரியில் கொண்ட வேறு செயல்முறைகளும் அகப்படும் என்பதால், அப்படித் தேடிக் கிடைத்தவற்றை நிறுத்தும் பிகில் கட்டளையை ஏவுவதற்கு முன், பிகிரெப்பை எஃப்புடன் சிறிய ஏ விருப்பத்தையும் சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பட்டியலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.