நூற்புழு: தக்காளி வயலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உச்சி வெயிலில் தக்காளிச் செடி வாடுகிறது, சாயங்காலம் தேறிவிடுகிறது. தண்ணீர் போதவில்லை என்று மடையைத் திறந்துவிட்டு யூரியாவும் போடுவார்கள். முதல் தவறு இங்கேயே நடக்கிறது. வேரைப் பார்க்காமல் எதுவும் செய்யாதீர்கள். ஒரு செடியை மண்வெட்டியால் மண்ணோடு அள்ளி, வாளித் தண்ணீரில் அலசுங்கள். கையால் பிடுங்கினால் சல்லிவேர் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும், பார்க்க வேண்டியதே அதைத்தான். வேர் அங்கங்கே மணி மணியாகப் பருத்திருந்தால் வேர்முடிச்சு நூற்புழு, அதாவது வேருக்குள் புகுந்து வாழும், கண்ணுக்குத் தெரியாத நுண்புழு. பயறு வகைகளில் மட்டும் கவனம் தேவை. அவற்றில் ரைசோபியம் என்ற நல்ல பாக்டீரியா உண்டாக்கும் முடிச்சும் இருக்கும். அந்த முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும், கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு உதிராது, ஏனென்றால் வீங்கியிருப்பது வேரேதான்.

உரப் பரிசோதனைக்கு மண்ணை உலர்த்தி அனுப்பிப் பழகியவர்கள் நூற்புழுப் பரிசோதனைக்கும் உலர்த்திவிடுகிறார்கள். உலர்ந்த மண்ணில் புழு செத்துப்போகும், ஆய்வகத்தில் தெரியாது. பத்துப் பதினைந்து செடிகளின் வேரடியில் 15 முதல் 20 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, கால் கிலோ ஈர மண்ணையும் 5 முதல் 10 கிராம் சல்லிவேரையும் பாலித்தீன் பையில் கட்டி, வெயில் படாமல் சீக்கிரம் சேர்த்துவிடுங்கள். செத்த செடியின் அடியில் எடுக்காதீர்கள். தின்ன வேர் இல்லாத இடத்தில் புழு குறைந்திருக்கும். நோய்ப்பட்டும் உயிரோடிருக்கும் செடிதான் சரி.

கடைசிப் பறிப்புக்குப் பின் தண்டை அறுத்து வேரை நிலத்தில் விடுவதுதான் பெரிய தவறு. ஒரு பெண்புழு சில நூறு முட்டைகளைப் பசைபோன்ற பொதியில் இடும், சூடான மண்ணில் மாதத்துக்கு ஒரு தலைமுறை பெருகும். அந்த வேரோடு டிராக்டர் ஓட்டினால் வயல் முழுக்க விதைத்தது போல்தான். வேர்களைப் பிடுங்கி உலர்த்தி எரியுங்கள். குப்பைக்குழியிலோ வாய்க்காலிலோ போடாதீர்கள். பிறகு 10 முதல் 15 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று கோடை உழவு போடுங்கள்.

தக்காளிக்குப் பின் கத்தரி, அதற்குப் பின் வெண்டை என்று போடுவது பயிர்ச்சுழற்சியே அல்ல. மூன்றும் புழுவுக்கு விருந்து. தண்ணீர் நிற்கும் நெல்லோ, 45 நாளில் மடக்கி உழும் சணப்பையோ வரட்டும். புழுவைக் குறைக்கும் செண்டுமல்லியை வரப்போரம் ஒரு வரிசை வைத்தால் போதாது. அதன் வேர் ஓடும் இடத்தில்தான் அது வேலை செய்யும், ஆகவே இரண்டு மூன்று மாதம் வயல் முழுக்க களையில்லாமல் நிற்க வேண்டும்.

மண்ணில் உள்ள நூற்புழு எல்லாம் பகையல்ல. பாக்டீரியாவைத் தின்னும் வகைகள் மிச்சத் தழைச்சத்தை அம்மோனியமாக வெளிவிட்டுப் பயிருக்குத் தருகின்றன. மற்றப் புழுக்களைப் பிடித்துத் தின்னும் வகைகளும் உண்டு. அவை மெதுவாகப் பெருகுபவை, கடும் மருந்திலும் ஓயாத ரோட்டவேட்டரிலும் முதலில் அழிபவை. வேரைத் தின்பவையோ வேகமாகத் திரும்பிவிடும், பிடித்துத் தின்ன ஆளிருக்காது. அதனால் குருணை மருந்தை முதல் வழியாக எடுக்காதீர்கள். ஃபோரேட் என்ற குருணை மருந்து 2020 இறுதியோடு தடை செய்யப்பட்டுவிட்டது, யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கைத் தூளாக்கிக் கலந்துவிடுங்கள். செடி வளர்ந்தபின் தண்டடியில் குவித்தால் பலன் குறைவு. நூற்புழுவை அழிக்கும் உயிர் மருந்தான பர்புரியோசிலியம் போடுவதானால் ஈரமான தொழுவுரத்தில் கலந்து போடுங்கள். அது பூஞ்சை என்பதால், பூஞ்சணக்கொல்லியைக் கூடவே ஊற்றினால் காசு வீண்.

கொய்யா வைப்பவர்கள் கன்று வாங்கும்போதே பையைக் கிழித்து வேரைப் பார்த்துவிடுங்கள். முடிச்சு இருந்தால் அந்தக் கன்று வேண்டாம். நட்டபின் மரத்தின் அடியிலிருந்து இந்தப் புழுவை முழுதாக அகற்ற வழியில்லை.