குடும்ப வன்முறை: ரிப்போர்ட் முதல் குற்றச்சாட்டு வரை என்ன நடக்கும்?

மனைவியை அடித்தால் குடும்ப வன்முறைச் சட்டத்தில் உள்ளே போட்டுவிடுவார்கள் என்றுதான் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் பேசிக்கொள்வார்கள். அது பாதிதான் சரி. 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் (சட்டம் 521) அடிபட்டவரைக் காக்கும் உத்தரவுகளுக்கானது. அடித்தவர் மீது குற்றம் சாட்டுவது பீனல் கோட் எனும் தண்டனைச் சட்டத்தின் கீழ். இரண்டும் சேர்ந்தேதான் நகரும். என் சின்னம்மா மகளுக்குத் துணையாகக் காவல் நிலையம், மருத்துவமனை, கோர்ட் என்று கூடவே போனபோது, இது புரிந்த பிறகுதான் கையில் இருந்த ஒவ்வொரு தாளும் எதற்கு என்று தெளிவானது.

முதல் படி: பத்திரமான இடம்

உயிருக்கு ஆபத்து என்றால் 999. மற்றபடி தாலியான் காசிஹ் எனும் அரசாங்க உதவித் தொலைபேசி 15999, இரவிலும் எடுப்பார்கள். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சமூக நல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு உத்தரவு (ஈ.பி.ஓ.) கொடுக்கலாம். விண்ணப்பித்த 2 மணி நேரத்துக்குள் கிடைக்க வேண்டும், 7 நாள் செல்லும். இதற்குப் போலீஸ் ரிப்போர்ட் தேவையில்லை. மைகாட் (அடையாள அட்டை), பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் இரண்டையும் நம்பிக்கையான ஒருவர் வீட்டில் முன்பே கொடுத்து வையுங்கள்.

இரண்டாம் படி: மருத்துவமனை

அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். டாக்டர் எழுதுவதுதான் பிறகு எந்தப் பிரிவில் குற்றம் சாட்டுவது என்பதற்கு அடிப்படையாகிறது.

சாதாரணக் காயம் என்றால் பிரிவு 323: 1 வருடம் வரை சிறை, 2,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டும். கத்தி போன்ற ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்தினால் பிரிவு 324: 10 வருடம் வரை சிறை, அபராதம், பிரம்படி, இவற்றில் ஏதாவது இரண்டு கூடச் சேரலாம். எலும்போ பல்லோ உடைந்திருந்தால் அது கடுமையான காயம், பிரிவு 325: 7 வருடம் வரை. அடிபட்டவர் மனைவி, முன்னாள் மனைவி, பிள்ளை போன்ற குடும்பத்தினர் என்றால் 326ஏ பிரிவின்படி இந்த அதிகபட்சச் சிறைக்காலம் இரட்டிப்பாகலாம். வலிக்கிற இடத்தையெல்லாம் காட்டி, எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நடந்ததைக் குறித்து வைக்கக் கைப்பேசி செயலிகளைவிட 555 நோட்டுதான் நல்லது என்பேன். கைப்பேசியைக் கணவர் பிடுங்கிப் பார்ப்பார். மளிகைக் கடைக் கடன் எழுதும் அந்தச் சின்ன நோட்டை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகளை மட்டும் அழிக்காமல், நம்பகமான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

மூன்றாம் படி: ரிப்போர்ட்

'கணவர் அடித்தார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், உள்ளே இருக்கும் கனம் வெளியே தெரியாது. எதைக் கொண்டு அடித்தார், எங்கே பட்டது, என்ன சொல்லி மிரட்டினார், பிள்ளைகள் பார்த்தார்களா, இதற்கு முன் நடந்ததா, எல்லாம் வர வேண்டும். பாராங் கத்தியைக் காட்டிக் கொன்றுவிடுவேன் என்றிருந்தால், அடியே விழாவிட்டாலும் பிரிவு 506இன் கீழ் 7 வருடம் வரை போகக்கூடிய குற்றம் அது. மலாய் சரளமாக வராது என்றால் எழுதத் தெரிந்தவரை அழைத்துப் போங்கள். கையெழுத்துக்கு முன் முழுதாகப் படிக்கக் கேளுங்கள்.

நாங்கள் தடுக்கி நின்றது இந்த இடத்தில்தான். ஒரு கவுண்டரில் திருமணச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். சின்னம்மா மகளுக்குத் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் தாலி கட்டிய கல்யாணம், பதிவு செய்யவே இல்லை. தோட்டப்புறத்தில் இப்படி எத்தனையோ குடும்பங்கள் உண்டு. பதிவு இல்லை, அதனால் சட்டமும் இல்லை என்று நினைத்துத் திரும்பிப் போகிறவர்களை நினைத்தால் மனசு கொதிக்கிறது. சட்டம் 521 தெளிவாக இருக்கிறது: மதத்தின்படியோ வழக்கத்தின்படியோ சடங்கு செய்து மணந்தவர்கள், பதிவு செய்யாவிட்டாலும், கணவன் மனைவியாகவே கருதப்படுவார்கள். கோவில் ரசீது, கல்யாணப் படம், அப்பா பெயருள்ள பிறப்புப் பத்திரம் எது இருந்தாலும் கொண்டுபோங்கள். எந்தச் சடங்கும் இல்லாமல் சேர்ந்து வாழ்பவர்களை இந்தச் சட்டம் எடுத்துக்கொள்ளாது. ஆனால் 323, 324 அவர்களுக்கும் பொருந்தும்.

'குடும்பச் சண்டைதானே, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்று யாராவது சொன்னால் அசையாதீர்கள். 2012 திருத்தத்திலிருந்து குடும்ப வன்முறைக் குற்றங்களில் போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம்.

நான்காம் படி: ஐ.பி.ஓ.

விசாரணை நடக்கும் காலத்துக்கான இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு இது. மாஜிஸ்திரேட் தருவார், அதற்கு அடித்தவர் கோர்ட்டில் வந்து நிற்க வேண்டியதில்லை. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டும். கைநீட்டி மீறினால் அது 1 வருடம், 4,000 வெள்ளி வரை. உத்தரவு அவர் கையில் எந்தத் தேதியில் சேர்க்கப்பட்டது என்று விசாரணை அதிகாரியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியாது என்று அவர் பின்னால் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது.

ஐந்தாம் படி: குற்றச்சாட்டு

எந்தப் பிரிவில் குற்றம் சாட்டுவது என்பதைத் துணை அரசு வழக்கறிஞர், அதாவது டி.பி.பி., முடிவு செய்வார். விசாரணைக் கட்டம் முடிந்தால் ஐ.பி.ஓ.வும் முடிந்துவிடும். அதனால் குற்றம் சாட்டப்போகிறார்கள் என்று தெரிந்தவுடனே பாதுகாப்பு உத்தரவுக்கு (பி.ஓ.) விண்ணப்பியுங்கள். அது 12 மாதம் வரை செல்லும், இன்னொரு 12 மாதம் நீட்டிக்கலாம்.

பின்சேர்க்கை: வாசித்தவர்கள் கேட்டவை

'வீடு தோட்ட நிர்வாகம் என் கணவருக்குக் கொடுத்தது, நான்தானே வெளியேற வேண்டும்?' என்று ஒரு சகோதரி கேட்டார். வீடு அவர் பெயரில் இருந்தாலும், அவரை வெளியேற்றி உங்களை அங்கே இருக்கவிடும் உத்தரவை பி.ஓ.வில் கோர்ட் போடலாம். விண்ணப்பத்தில் இதைத் தனியாகக் கேளுங்கள். கேட்காமல் தானாக வராது.

'ரிப்போர்ட்டை மீட்டுக்கொள்' என்று மாமியார் வீட்டார் அழுத்துவதாக இன்னொருவர் எழுதியிருந்தார். வழக்கை நடத்துவது அரசாங்கத் தரப்பு, தொடர்வதா வேண்டாமா என்பது உங்கள் ஒருவர் கையில் மட்டும் இல்லை. அதை அவர்களிடம் அப்படியே சொல்லுங்கள். பிறகும் விடாமல் வந்து மிரட்டினால், யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்று எழுதி, அன்றே இன்னொரு ரிப்போர்ட் போடுங்கள்.