'நார்ம்' என்ற சொல்லைத் தமிழில் எழுதுவது எப்படி?

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்தில் வாழும் நம்மிடம், மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ வந்த சுற்றறிக்கையைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி யாரேனும் நீட்டினால், அதில் எப்படியும் இரண்டு இடங்களிலாவது 'நார்ம்ஸ்' இருக்கும். அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எழுதிவிடாமல், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

இலத்தீனில் 'நோர்மா' என்றால் தச்சரின் மூலைமட்டம். நிலை கோக்கும் ஆசாரி, சட்டங்கள் சேரும் மூலையில் மட்டத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பார். கசிந்தால் மூலை கோணல். அந்தக் கருவியின் பெயரே பின்னர் எதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கும், அதிலிருந்து ஒழுங்குக்கும் ஆகிவந்தது. 'நார்மல்' என்ற சொல் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் செங்குத்தையே குறித்தது. 'வழக்கமான' என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. பழைய பொருள் கணக்கில் இன்னும் உயிரோடு இருக்கிறது: தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடநூலில் தொடுகோட்டுக்குப் பக்கத்திலேயே வரும் 'செங்கோடு' இந்த நார்மல்தான். நம் பிள்ளைகளின் மலையாளக் கணக்குப் புத்தகம் செங்கோண முக்கோணத்தை 'மட்டத்ரிகோணம்' என்கிறது. அங்கேயும் தச்சரின் மட்டமே வந்து நிற்கிறது. 'எனார்மஸ்' என்பதும் இதே குடும்பம். மட்டத்துக்கு வெளியே போனது, அதாவது அளவு கடந்தது.

இனி எழுதும் முறை. அந்த இடத்தில் எழுதிவைத்த அளவு ஏதேனும் உண்டா என்று முதலில் பாருங்கள். ஒரு வகுப்பில் இத்தனை மாணவர்கள், கட்டடத்துக்கும் சாலைக்கும் இடையே இத்தனை மீட்டர் என்றிருந்தால், 'விதிமுறைகள்' அல்லது 'வரையறைகள்' பொருந்தும். மலையாளப் பிரதியில் இங்கே 'மானதண்டம்' என்றிருக்கும். அளவுகோல் என்பதே அதன் நேர்ப்பொருள் என்பதால், 'தகுதி அளவுகோல்' என்று எழுதவும் இடமுண்டு. 'விதி' என்று மட்டும் எழுதாதீர்கள். 'உதவித்தொகை விதிப்படி கிடைக்கும்' என்று படித்தால் தலைவிதி நினைவுக்கு வந்துவிடும்.

எழுதாத ஒழுங்காக இருந்தால், அதாவது மீறியவருக்குத் தண்டனை கிடையாது, ஊர் முகம் சுளிக்கும் என்ற அளவில் இருந்தால், 'நடைமுறை' அல்லது 'மரபு' போதும். வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீராவது கொடுப்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் அதுவும் நார்ம்தான். சில இடங்களில் பெயர்ச்சொல்லே வேண்டியதில்லை: ஒன்று 'நார்ம் ஆகிவிட்டது' என்றால் 'வழக்கமாகிவிட்டது' என்று வினையாக்கிவிடலாம். மழையோ உடல் எடையோ பற்றிய பேச்சென்றால் 'சராசரி' அல்லது 'இயல்பளவு'.

எல்லைக்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. 'வழக்கு' நல்ல தமிழ்ச் சொல்தான். உலக வழக்கு, ஊர் வழக்கு என்கிறோம். ஆனால் மலையாளத்தில் அது சண்டை. இரு மொழியும் கலந்து படிப்பவர்கள் நிற்கும் பலகையில் 'இவ்வூர் வழக்குப்படி' என்று எழுதுவதைவிட, 'இவ்வூர் வழக்கப்படி' என்று எழுதுவது நல்லது.