வட்டின் பெயர் மாறினாலும் மவுண்ட் மாறாதிருக்க

லினக்ஸ் சர்வரில் புதிய வட்டு ஒன்றைச் சேர்த்து மறுதொடக்கம் செய்தபின், நேற்றுவரை எஸ்டிபி (sdb) என்றிருந்த தரவு வட்டு எஸ்டிசி (sdc) ஆகிவிடுவது உண்டு. இயங்குதளத்தின் கருவான கெர்னல் வட்டுகளைக் கண்டறியும் வரிசையில் இப்பெயர்களை வழங்குகிறதேயன்றி, எந்தப் பெயரும் எந்த வட்டுக்கும் உரியதன்று. ஆகவே எந்த வட்டை எந்த அடைவில் மவுண்ட் செய்வது, அதாவது இணைப்பது, என்று குறிக்கும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் அவற்றை எழுதுவதைத் தவிர்த்து, பிளாக்ஐடி (blkid) கட்டளை காட்டும் யூயூஐடி (UUID) என்ற தனித்த அடையாளத்தை எழுதுங்கள். அது கோப்பு முறைமைக்குள்ளேயே பதிந்திருப்பதால், வட்டை வேறு கேபிளில் மாட்டினாலும் மாறாது; ஃபார்மேட் செய்தாலோ நாமே மாற்றினாலோ மட்டும் புதியது வரும்.

பலர் கவனிக்கத் தவறும் இடம் ஒன்றுண்டு. டிடி கட்டளையால் வட்டை அப்படியே நகலெடுக்கும்போது யூயூஐடியும் சேர்ந்தே நகலாகிறது. இரண்டும் ஒரே சர்வரில் இருந்தால் எது மவுண்ட் ஆகும் என்று உறுதியாகச் சொல்ல இயலாது, எக்ஸ்எஃப்எஸ் வகைக் கோப்பு முறைமை ஆயின் ஒன்று மவுண்ட் ஆகியிருக்கையில் மற்றதை ஏற்கவே மறுத்துவிடும். எனவே நகலுக்கு, ஈஎக்ஸ்டி4 என்றால் டியூன்2எஃப்எஸ் கொண்டும், எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ் அட்மின் கொண்டும் புதிய யூயூஐடி கொடுத்துவிட வேண்டும்.

பல வட்டுகளை ஒன்றாக நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ் (ZFS) தொகுப்பில் சேர்க்கும் முழு வட்டுகளுக்கு, லினக்ஸின் சாதன நிர்வாகியான யூடெவ் அமைத்துத் தரும் பை-ஐடி அடைவிலுள்ள பெயரே மேல் என்பேன்; அதில் பெரும்பாலும் மாடலும் தொடர் எண்ணும் இருப்பதால், பழுதான வட்டைக் கழற்றும் பதற்றத்தில் அதன் லேபிளோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

திருத்தம் முடிந்ததும் ஃபைண்ட்மவுண்ட் (findmnt) கட்டளையை வெரிஃபை தெரிவுடன் இயக்கிப் பிழை பாருங்கள். கூடுதல் வட்டுகளுக்கு நோஃபெயில் தெரிவையும் சேர்த்துவிடுங்கள். இல்லையேல் வட்டு அகப்படாத நாளில் சர்வர் அவசரகால நிலையில் நின்றுவிடக்கூடும்.