போட்டோவை அனுப்பும் முன் லொகேஷனை நீக்குவது எப்படி, நீங்கியதா என்று சோதிப்பது எப்படி

போன் கேமராவில் லொகேஷன் ஆன் ஆகியிருந்தால், எடுக்கிற ஒவ்வொரு போட்டோவோடும் அந்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் சேர்ந்தே பதிவாகும். எக்ஸிஃப் என்று சொல்வார்களே, அந்தத் தகவல் பகுதிக்குள். 10.7828, 79.1318 என்று மேப்பில் அடித்துப் பாருங்கள், தஞ்சைப் பெரிய கோயிலில் போய் நிற்கும். தசமப் புள்ளிக்குப் பின் நான்காவது இலக்கம் ஒன்று கூடினால் தரையில் நகர்வது சுமார் 11 மீட்டர்தான். வெட்டவெளியில் எடுத்த படமாக இருந்தால் தெருவோடு நிற்காது, வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிடும்.

2012 டிசம்பரில் ஜான் மெக்காஃபி (ஆன்டிவைரஸ்காரர்தான்) பெலிஸ் நாட்டுப் போலீசுக்குத் தப்பி ஓடிக்கொண்டிருந்தபோது, கூடவே இருந்த வைஸ் பத்திரிகைக்காரர்கள் அவருடைய படம் ஒன்றை வெளியிட்டார்கள். ஐபோன் 4எஸ்ஸில் எடுத்தது. லொகேஷனை நீக்காமலே ஏற்றிவிட்டார்கள். அவர் குவாத்தமாலாவில் இருப்பது அன்றைக்கே வெளியாகிவிட்டது, இரண்டே நாளில் கைதும் ஆனார். நம்மை யாரும் அப்படித் தேடவில்லைதான். ஆனால் பிள்ளையின் பள்ளி வாசல், டியூஷன் வீடு, சாயங்கால மைதானம் என்று முப்பது படம் ஒரே ஆல்பத்தில் இருந்தால், இடத்தோடு நேரமும் சேர்ந்து ஒரு வாரத்து அட்டவணையே கிடைத்துவிடும். தனிப்படத்தைவிட இந்தத் தொகுப்புதான் எனக்கு அதிகக் கவலை தருவது.

1. இனி எடுக்கும் படங்களுக்கு

ஐபோனில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, லொகேஷன் சர்வீசஸ், கேமரா என்று போய் 'நெவர்' கொடுங்கள். ஊர் மட்டும் பதிவானால் போதும் என்பவர்கள் அதே இடத்தில் 'ப்ரிசைஸ் லொகேஷன்' பொத்தானை மட்டும் அணைக்கலாம். சுற்றுலாப் படங்களைப் பின்னாளில் ஊர்வாரியாகத் தேட இது நல்ல நடுவழி.

சாம்சங்கில் கேமராவைத் திறந்து, பல்சக்கரத்தைத் தொட்டால் 'லொகேஷன் டேக்ஸ்' இருக்கும். பிக்ஸலில் 'மோர் செட்டிங்ஸ்' உள்ளே 'சேவ் லொகேஷன்'. மற்ற போன்களிலும் கேமரா செட்டிங்ஸுக்குள்ளேயேதான் தேட வேண்டும். திரையை மேலிருந்து கீழே இழுத்தால் வரும் லொகேஷன் பொத்தானை அணைத்தால் மேப்பும் ஆட்டோ ஆப்பும் சேர்ந்து படுத்துவிடும். அரை மணியில் நீங்களே திரும்ப ஆன் செய்துவிடுவீர்கள், கேமராவும் பழையபடி எழுத ஆரம்பித்துவிடும்.

இதனால் பழைய படங்களில் எந்த மாற்றமும் வராது.

2. ஏற்கெனவே எடுத்த படங்களுக்கு

ஐபோன்: படத்தைத் தேர்ந்தெடுத்து ஷேர் அழுத்துங்கள். மேலே சின்ன எழுத்தில் 'ஆப்ஷன்ஸ்' என்று இருப்பது பலர் கண்ணில் படுவதே இல்லை. அதற்குள் 'லொகேஷன்' பொத்தானை அணைத்துவிட்டு அனுப்புங்கள். 'ஆல் போட்டோஸ் டேட்டா' என்பதும் அணைந்தே இருக்கட்டும். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆண்ட்ராய்டு: ஸ்கிராம்பிள்ட் எக்ஸிஃப் என்ற இலவச ஆப் போதும். கேலரியில் ஷேர் கொடுத்து இதைத் தேர்ந்தெடுத்தால், தகவலை உரித்துவிட்டு மறுபடி ஷேர் பட்டியலைக் காட்டும், அங்கிருந்து அனுப்பலாம். விளம்பரம் கொட்டும் 'போட்டோ கிளீனர்' வகையறாக்கள் வேண்டாம். லொகேஷனை மறைக்கப் போய் மொத்த கேலரிக்கும் அனுமதி கொடுப்பானேன்?

விண்டோஸ்: ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ். அடியில் 'ரிமூவ் ப்ராப்பர்ட்டீஸ் அண்ட் பர்சனல் இன்ஃபர்மேஷன்' என்ற இணைப்பு இருக்கும். முதல் விருப்பத்தைத் தேர்ந்தால் படம் மாறாது, பக்கத்தில் 'காப்பி' என்ற பெயரோடு சுத்தமான நகல் ஒன்று உருவாகும். நகலை விட்டுவிட்டுப் பழையதை அனுப்புகிறவர்கள் நிறைய. அந்த விருப்பத்திலேயே 'நீக்க முடிந்தவை எல்லாம்' என்றுதான் எழுதியிருக்கிறது, 'முடிந்தவை' என்பதைக் கவனியுங்கள்.

மேக்: பிரிவ்யூவில் திறந்து கமாண்ட், ஐ. இன்ஸ்பெக்டரில் ஜிபிஎஸ் பக்கத்துக்குப் போய் 'ரிமூவ் லொகேஷன் இன்ஃபோ'.

எதுவும் கைவசம் இல்லையா? படத்தை முழுத்திரையில் வைத்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் ஜிபிஎஸ் இருக்காது. தரம் குறையும், அவசரத்துக்குப் பரவாயில்லை.

3. நீங்கிவிட்டதா என்று சோதிப்பது

ஆளை ஏமாற்றுவது இந்தப் படிதான். பலரும் போனிலிருந்தே ஏதாவது ஒரு எக்ஸிஃப் பார்க்கும் தளத்தில் படத்தை ஏற்றி, 'ஜிபிஎஸ் இல்லை' என்று வந்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு 10 முதல், தனி அனுமதி வாங்காத ஆப் ஒன்று படத்தைக் கேட்டால், சிஸ்டமே லொகேஷனை மறைத்துவிட்டுத்தான் கொடுக்கும். பிரவுசர் வழியாக ஏற்றும்போதும் பல போன்களில் இதே கதைதான். தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது மறைத்த பிரதி. போனில் இருக்கும் அசல் கோப்பில் லொகேஷன் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதே கோப்பை யூஎஸ்பி கேபிளில் கணினிக்கு எடுத்தால் எல்லாம் தெரியும்.

(தவிர, அந்தரங்கமான படத்தை முன்பின் தெரியாத தளத்தில் ஏற்றி அந்தரங்கம் இருக்கிறதா என்று சோதிப்பது என்ன நியாயமோ!)

அதனால் அனுப்பப்போகும் கோப்பையே கணினிக்கு எடுத்து, எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் கொண்டு பாருங்கள். இலவசம். கமாண்ட் அடிக்கத் தெரியாவிட்டாலும் கவலையில்லை, விண்டோஸில் ஜிப்பைப் பிரித்து, அந்த ஐகான் மேல் படத்தை இழுத்துப் போட்டால் கறுப்புத் திரையில் எல்லாம் கொட்டும். ஐகானை மட்டும் டெஸ்க்டாப்புக்கு நகர்த்தினால் ஓடாது. புதிய பதிப்புகளில் கூடவே வரும் 'எக்ஸிஃப்டூல் ஃபைல்ஸ்' ஃபோல்டரும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பட்டியலில் ஜிபிஎஸ் என்று தொடங்கும் வரி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

சில சமயம் எக்ஸிஃபை நீக்கியும் ஜிபிஎஸ் வரி மிச்சம் நிற்கும். லைட்ரூம் மாதிரி மென்பொருளில் ஒருதரம் திருத்திய படமாக இருந்தால் எக்ஸ்எம்பி என்ற இன்னொரு பகுதியிலும் அதே எண்கள் எழுதப்பட்டிருக்கலாம். அப்படியானால் ஜிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் திறந்து ஏற்றுமதி செய்யும்போது எக்ஸிஃப், எக்ஸ்எம்பி, ஐபிடிசி, தம்ப்னெய்ல் நான்கிலும் டிக்கை எடுத்துவிட்டுச் சேமியுங்கள்.

4. எந்த வழியில் போகிறது?

வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால் சுருக்கும்போதே எக்ஸிஃப் போய்விடும். ஆனால் கல்யாண வீட்டுப் படம் என்றால் 'கிளாரிட்டி போயிடும், டாக்குமெண்டா அனுப்பு' என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். டாக்குமெண்டாகப் போகும் கோப்பு உள்ளபடியே போகும், லொகேஷனும் கூடவே. டெலிகிராமில் 'ஃபைல்' என்று அனுப்புவதும், ஈமெயில் இணைப்பும், டிரைவ் லிங்க்கும் இதே ரகம்.

ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் பார்ப்பவர்களுக்குக் காட்டும் படத்தில் எக்ஸிஃப் இருக்காது. ஆனால் ஏற்றும்போது கோப்பில் இருந்தது அந்த நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கும். கூகுள் போட்டோஸில் ஆல்பம் பகிரும்போது ஆல்பத்தின் ஆப்ஷன்ஸில் 'ஷேர் போட்டோ லொகேஷன்' என்று தனிப் பொத்தான் உண்டு, அதை அணையுங்கள்.

படத்துக்குள்ளேயே தெரிவதை எந்த ஆப்பும் நீக்காது. ஈ.பி. மீட்டர் எண், வண்டி நம்பர் பிளேட், எதிர்க்கடை போர்டு ஆகியவற்றை நீங்கள்தான் வெட்ட வேண்டும்.

பின்சேர்க்கை: கேள்வியாக வந்தவை

வீடியோவிலும் லொகேஷன் உண்டு. மேலே சொன்ன விண்டோஸ் வழியை அதற்கு நம்ப வேண்டாம். ஐபோனின் லைவ் போட்டோவோடு ஒரு குட்டி வீடியோவும் ஒட்டிக்கொண்டே வரும். ஷேர் செய்யும்போது ஆப்ஷன்ஸில் லொகேஷனை அணைத்த பிறகு அனுப்புங்கள்.

'என் டிஎஸ்எல்ஆரில் ஜிபிஎஸ்ஸே கிடையாது' என்பவர்கள் நிக்கானின் ஸ்னாப்பிரிட்ஜ் போன்ற ஆப்பை இணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். போனின் இடத்தை வாங்கி கேமராப் படத்தில் எழுதிவிடும். ஆப்புக்குள் அதை அணைக்கும் வசதி இருக்கிறது.

பறவைக் கூடு, தேவாங்கு, அரிய ஆர்க்கிட் எடுப்பவர்களுக்கு லொகேஷனை அறவே அழித்தால் பதிவின் பயனும் போய்விடும். உயிரினங்களைப் பார்த்த இடத்தோடு பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் 'ஜியோபிரைவசி' என்பதை 'அப்ஸ்க்யூர்ட்' ஆக்கினால், பொதுவில் தெரியும் புள்ளி 0.2 டிகிரிக்கு 0.2 டிகிரி கட்டத்துக்குள் எங்கோ விழும். நம் ஊர்ப் பக்கம் அது ஏறத்தாழ 22 கிலோமீட்டர் அகலக் கட்டம். ஆனால் குறிப்பில் 'செக்போஸ்ட் தாண்டி மூன்றாவது ஆலமரம்' என்று எழுதிவிட்டால் கட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை.