நட்சத்திர மீனைத் தொட்டியில் விடும் முறை

கோலாலம்பூரிலிருந்து சுங்கை சிப்புட்டுக்குப் பையிலேயே பல மணி நேரம் பயணித்து வரும் நட்சத்திர மீனை வந்த கையோடு தொட்டியில் விட்டுவிடக் கூடாது. தன் உடலின் உப்புச் செறிவைத் தானே சீர்செய்துகொள்ள இயலாத உயிர் அது.

தொட்டி விளக்கை அணைத்து, கட்டிய பையை 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். பிறகு பைநீரோடு வாளிக்கு மாற்றி, தொட்டியிலிருந்து வாளிக்கு இறங்கும் காற்றுக்குழாயில் தளர்முடிச்சிட்டு, தொட்டி நீர் நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாக விழச்செய்து, உப்புமானி வாளி, தொட்டி இரண்டின் நீரிலும் ஒரே அளவை, பொதுவாக ஒப்படர்த்தி 1.025-ஐ, காட்டும்வரை பொறுமையாகக் காத்திருங்கள். இதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அஞ்சடி (கட்டட முன்புற நடைபாதை) வெயிலில் வாளி சூடேறிவிடும் என்பதால் உள்ளறையே நல்லது.

அதன் அடிப்புறத்துச் சிறு குழாய்க்கால்கள் வாளியைப் பற்றியிருந்தால் பிய்த்திழுக்காமல், கிண்ணத்தில் நீருக்குள்ளேயே ஏந்தி, காற்றுப் படாமல் தொட்டிக்கு மாற்றுங்கள். வாளியில் மிஞ்சியதைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். செம்பு மருந்து இட்ட தொட்டியில் இவ்வுயிரை விடவே வேண்டாம்.